கழட்டியார் வீட்டு ஹாலில் நாலேகால் மீட்டர்

புதுசாக ஒரு சாமானைப் பார்த்தால் நீங்களும் நானும் என்ன கேட்போம்? எங்கே வாங்கினது, எத்தனை நாள் உழைக்கும், நமக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்போம். நம் ஆள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இதை எப்படிக் கழட்டுறது?"

மிக்சி வாங்கினாலும் அதுதான், மின்விசிறி மாட்டினாலும் அதுதான். அவ்வளவு ஏன், கல்யாணத்தன்று மோதிரம் மாற்றுகிற நேரத்தில், பெண் அவர் விரலைப் பிடித்து மோதிரத்தை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, "விரல் வீங்கிச்சுன்னா இது எப்படிக் கழண்டு வரும்?" என்று கேட்டுவைத்தார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. அன்றைக்கு விழுந்த பேர் கழட்டி. வயது ஏற ஏற மரியாதைக்கு ஒரு வாலும் சேர்ந்து கழட்டியார் ஆகிவிட்டது. ஆலையில் வருகைப் பதிவேட்டில் இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவர் மனைவி இருபத்தேழு வருஷமாக அந்த மைக்கை மறக்கவில்லை. "மாப்பிள்ளைங்க பொண்ணு முகத்தைப் பாப்பாங்க. இந்த மனுஷன் மோதிரத்துல இடுக்கி போட எடம் இருக்கான்னு பாத்தாரு" என்று யார் வந்தாலும் சொல்லிவிடுவாள். கழட்டியாருக்கு இதில் கோபமே கிடையாது. கேள்வி நியாயமான கேள்விதானே என்பதுபோல உட்கார்ந்திருப்பார்.

அவர் பிழைப்பு அப்படி. சோப்பு ஆலையில் பராமரிப்பு ஃபோர்மேன். முப்பது வருஷமாக மற்றவர்கள் மாட்டிவிட்டுப் போனதைக் கழட்டிக் கழட்டித்தான் அவருக்குத் தலை நரைத்தது. மாட்டுகிறவன் ஒரு நாள் மாட்டிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, கை குலுக்கிவிட்டுப் போய்விடுகிறான். கழட்டுகிறவன்தான் ஆயுசுக்கும் அங்கேயே கிடந்து அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறான் என்பார். நாலு ஊர் ஆலைகளைப் பார்த்தவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

இங்கே கூலரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூலர் என்றால் அறையைக் குளிரவைக்கிற பெட்டி இல்லை. படுக்கவைத்த ஒரு பெரிய இரும்பு உருளை. அதற்குள்ளே நூற்றிருபது குழாய்கள் ஒரே கட்டாக இருக்கும். குழாய்க்குள் தண்ணீர் ஓடும், வெளியே சூடான எண்ணெய் ஓடும், எண்ணெய் ஆறும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கட்டை முன்பக்கமாக அப்படியே இழுத்து வெளியே போட்டு அழுக்கெடுக்க வேண்டும். கட்டு நாலேகால் மீட்டர் நீளம் என்றால், முன்னால் நாலேகால் மீட்டருக்கு மேல் காலி இடம் வேண்டும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பழைய ஆலையைக் கட்டியவர்களுக்குத் தெரியவில்லை. கூலருக்கு முன்னால் ஒரு மீட்டரில் சுவரை எழுப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

கட்டை வெளியே இழுக்க வழியில்லை. அதனால் வருஷா வருஷம் ஒரு ஆள் அந்தச் சந்துக்குள் நுழைந்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி அழுக்கெடுக்க வேண்டும். மூன்று நாள் வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சந்துக்குள் நுழைந்தவன் கழட்டியாரின் மச்சினன், அவர் மனைவிக்கு ஒரே தம்பி, ஆலையில் வெல்டர். சங்கிலியில் தூக்கித் தொங்கவிட்டிருந்த கூலரின் இரும்பு மூடி நழுவியது. வேறு இடமாக இருந்தால் கையைப் பின்னால் இழுத்திருப்பான். அங்கே பின்னால் சுவர். இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

அவனைச் சந்துக்குள் அனுப்பியது யார்? ஃபோர்மேன்தான். கழட்டியார்தான். மனைவி அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மோதிரத்தை இருபத்தேழு வருஷம் சொல்லிக் காட்டியவள், விரலைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி ஊருக்கு வெளியே புது ஆலை கட்ட ஆரம்பித்தார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஆள் அவரிடம் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார். "ஆலை எழும்புறதுக்கு முந்தியே, பின்னாடி ரிப்பேர் பாக்கப்போற ஒருத்தரை வரைபடத்துக்கு முன்னாடி உக்கார வைங்க. எந்த மிஷின் எத்தனை வருஷம் தாங்கணும், எப்போ திறந்து பாக்கணும், எந்த வழியா வெளிய எடுக்கணும், எந்த உதிரிச் சாமான் கையிருப்புல இருக்கணும், எல்லாத்தையும் இப்பவே எழுதிவைங்க. காகிதத்துல அழிக்கிறது ஒரு நிமிஷம், காங்கிரீட்டுல அழிக்கிறது ஒரு மாசம்." முதலாளிக்குக் கேட்கவே நன்றாக இருந்தது. கழட்டியாரைப் புது இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவி சோறு போட்டுக்கொண்டே ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். "புது ஆலையிலயும் அந்த வேலைக்கு என் தம்பிதானே போவான்?"

"ஆமா."

"அப்போ பாத்துக் கட்டச் சொல்லுங்க."

கழட்டியாருக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

புது ஆலையின் திட்ட மேனேஜருக்குத் தேதி என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கும். திறப்பு விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அதில் தினம் காலையில் அவரே எழுதுவார். கெட்ட மனுஷர் இல்லை. சுறுசுறுப்பானவர். இதுவரை நாலு ஆலை கட்டியிருக்கிறார், நாலையும் குறித்த நாளில் திறந்திருக்கிறார். திறந்த மறுநாளுக்கு அப்புறம் அந்த நாலில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சாப்பிட்டவர்கள் முகத்தை ஒரு நாளும் பார்க்காத சமையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கழட்டியார் ஒரு மாதம் வரைபடங்களின் மேல் குனிந்து கிடந்து, அறுபத்துமூன்று குறிப்புகள் எழுதினார். எட்டு மீட்டர் உயரத்தில் ஒரு விசிறி, ஏறிப் பார்க்க ஏணி இல்லை. ஒரு வால்வு, திருப்ப வேண்டுமானால் திருப்புகிற ஆளுக்கு முழங்கை பின்பக்கமாக மடங்க வேண்டும். ஒரு அழுத்தமானி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு இருக்கிறது, கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி. பதினேழாவது குறிப்புதான் கூலர். 'கூலருக்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் வெளிச்சுவர். கட்டு நாலேகால் மீட்டர். கூலரைத் திருப்பிப் போடவும்' என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்.

தேதி பட்டியலைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். "அருமையா எழுதியிருக்கீங்க. ஏணி போட்டுரலாம். மீதியெல்லாம் ஓட ஆரம்பிச்சதும் பாத்துக்கலாம்" என்றார்.

"ஓட ஆரம்பிச்சா நீங்க இருக்க மாட்டீங்களே சார்."

"நீங்க இருப்பீங்கல்ல" என்றார் தேதி, முதுகில் தட்டிக்கொடுத்து.

பட்டியல் மேஜை மேல் கிடந்தது. அதன் மேல் டீ டம்ளர் வட்டம் வட்டமாக விழுந்தது. ஒரு நாள் கழட்டியார் போய்ப் பார்த்தால், கூலர் உட்காரப்போகிற காங்கிரீட் திண்டை, வரைபடத்தில் இருந்த அதே திசையில், ஜம்மென்று போட்டு முடித்து ஈரச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். இனி கூலரைத் திருப்ப முடியாது. மிச்சம் இருந்தது சுவர் ஒன்றுதான். அதுவும் வியாழக்கிழமை ஆரம்பிக்கிறார்கள்.

கழட்டியார் ஓடினார். "சார், சுவர் இருக்கட்டும். அந்த எடத்துல மட்டும் ஒரு ஷட்டர் வெச்சுருங்க. வருஷத்துக்கு ஒரு நாள் தூக்கினா கட்டு அப்படியே வெளிய மைதானத்துக்கு வந்துரும்."

"அது ரோட்டுப் பக்கச் சுவர்ங்க. முதலாளி அதுல கம்பெனி பேரை ஆள் உயர எழுத்துல எழுதச் சொல்லியிருக்காரு. பேருக்கு நடுவுல ஷட்டர் வந்தா நல்லாவா இருக்கும்?"

"கட்டு வெளிய வராது சார்."

"எல்லாம் வரும். கொஞ்சம் சாய்ச்சு, கொஞ்சம் திருப்பினா எதுவும் வரும். உங்களுக்கு எப்பவுமே கழட்டுற நெனப்பு."

சொன்னால் புரியாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று கழட்டியார் முடிவு செய்தார். புதன்கிழமை காலை முதலாளி வேலையைப் பார்க்க வருகிறார். குழாய்க் கட்டின் அதே அளவில், அதே வடிவத்தில் ஒரு பொம்மைக் கட்டு செய்து, அதைக் கூலர் திண்டின் மேல் வைத்து, சுவர் வரப்போகிற இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, "இழுங்க சார், பாக்கலாம்" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். நல்ல திட்டம். இன்றைக்கும் அதில் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் பட்டறையில் செய்ய இடம் கொடுக்கவில்லை தேதி. வெளியே மழை. மச்சினன் வீடு ஒற்றை அறை. கழட்டியார் வீட்டு ஹால் ஐந்து மீட்டர் நீளம். மனைவி வேறு, முழங்கால் அறுவை செய்துகொண்ட அக்காவைப் பார்த்துக்கொள்ள ஐந்து நாள் போயிருந்தாள். இதைவிட நல்ல நேரம் அமையுமா? சோபாவையும் டிவியையும் உள்ளறைக்கு நகர்த்திவிட்டு, இரும்புச் சட்டங்களைத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். மச்சினன் வெல்டிங் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, நடுவுல போல்ட் வெச்சு ரெண்டு பாகமாப் பண்ணிரலாமா? தூக்க வசதியா இருக்கும்."

"அசல்ல போல்ட் இருக்கா?"

"இல்ல."

"அப்போ இதுலயும் கூடாது. ஒரே பாகமா வெல்ட் அடி. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாது."

மச்சினன் அடித்தான். எட்டு விரலோடு பத்து விரல்காரன் வேலையை அவன் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் கழட்டியாருக்குப் பார்வை வேறு பக்கம் போய்விடும். மூன்று நாளில் சட்டம் முடிந்தது. சுற்றிலும் பிளைவுட் வளைத்து அடித்தார்கள். ஆளின் இடுப்பு உயரம், நாலேகால் மீட்டர் நீளம், அடியில் ஆறு சக்கரம். கழட்டியார் டேப்பை வைத்து மூன்று தடவை அளந்தார். அசலுக்கும் நகலுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. சாம்பல் பெயின்டும் அடித்தாகிவிட்டது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

செவ்வாய்க்கிழமை காலை சரக்கு வண்டி வாசலுக்கு வந்தது. கழட்டியாரும் மச்சினனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உருட்டினார்கள். இரண்டு அடி போனது. நின்றது.

ஹாலின் வாசல் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லையே. நீளச் சுவரின் நடுவில் இருக்கிறது. ரோட்டைப் பார்த்து இருப்பது குறுக்குச் சுவர். ஹாலின் அகலம் மூன்று மீட்டர்தான். நாலேகால் மீட்டர் சாமானை மூன்று மீட்டர் அகலத்தில் வாசலைப் பார்த்துத் திருப்ப வேண்டும். திருப்பிப் பார்த்தார்கள். இடித்தது. சாய்த்தார்கள். நிமிர்த்தினார்கள், கூரை இடித்தது. ஒரு முனையை ஜன்னலில் ஏற்றி மறு முனையைத் தரையில் வைத்துப் பார்த்தார்கள், கம்பி இடித்தது. கடைசியில் கட்டின் மூக்கு ரோட்டுப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி நிற்கிறது. நடுவில் சுவர்.

வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கழட்டியாரைப் பார்த்தார். "இதை உள்ள எப்படிங்க கொண்டுபோனீங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார் மனுஷன்.

கழட்டியார் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷம். எத்தனை பேரை, எத்தனை எஞ்சினியரை, "கழட்டுறது எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வைத்திருப்பார். எதிர்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலோடு வந்து நின்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். பேசியிருந்தாலாவது தேவலை. பத்து நிமிஷத்தில் தெருவே வாசலில் நின்றது.

சரியாக அந்த நேரத்தில்தான் ஆட்டோவிலிருந்து மனைவி இறங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி உள்ளே வந்தவள், ஹாலில் எருமை மாதிரி படுத்திருந்ததைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள், அவன் கூரையைப் பார்த்தான். புருஷனைப் பார்த்தாள்.

"வெளிய போகலையா?"

"போகல."

"அளந்து பாக்கலையா?"

"மூணு தடவை அளந்தேன். கட்டை. வாசலை அளக்கல."

பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உட்கார்ந்து சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டைப் பார்த்ததும் மறுபடி சிரித்தாள். இருபத்தேழு வருஷச் சிரிப்பு மொத்தமும் அன்றைக்கு வந்துவிட்டது.

"அறுத்துரலாம் மாமா" என்றான் மச்சினன். "ரெண்டா அறுத்து, அங்க போய் வெல்ட் வெச்சுக்கலாம்."

"அறுத்துக் கொண்டுபோனா அந்த மனுஷன் என்ன சொல்லுவாரு? அசலையும் இதே மாதிரி அறுத்துக்கோங்கன்னு சொல்லுவாரு." கழட்டியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். இது ஆலைக்குத் தெரிந்தால்? தெரியாமலா இருக்கும், வண்டிக்காரர் வாய் சும்மா இருக்குமா? நாளைக்குக் காலையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஷட்டர் கேட்பது? முழங்காலைக் கட்டிக்கொண்டு, "விட்டுரலாம்" என்றார். "சுவரைக் கட்டிட்டுப் போகட்டும். ஓட ஆரம்பிச்சதும் பாத்துக்கலாம்."

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டாள்.

அவர் தரையில் கிடந்த டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"நாளைக்கு முதலாளி வராருல்ல? இங்க கூட்டிட்டு வாங்க. அந்தத் தேதிக்காரரையும் சேத்து."

"இதைக் காட்டவா? மானம் கப்பலேறிடும்."

"ஏறட்டுங்க. மானம் போனா நாலு நாள்ல திரும்பி வரும். இவன் விரல் வந்துச்சா?"

ஏழு வருஷத்தில் முதல் தடவை. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. மச்சினன் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். கழட்டியாருக்கு ஒரு பக்கம் அழுகை வந்தது, ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டாளே என்ற நிம்மதி.

மறுநாள் காலை முதலாளிக்கு முன்னால் போய் நின்று, "சார், ஒரு தப்பு பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்து பாக்கணும்" என்றார். என்ன தப்பு என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார். தேதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கட்டாயம் போகணும் சார். கழட்டியார் மாட்டிக்கிட்டதைப் பாக்காம விட்டா எப்படி?" என்று அவரே காரை வரச் சொன்னார். அந்தப் புண்ணியத்தை அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்து பார்த்ததும் தேதி சட்டைக் கையை மடித்துவிட்டார். "இதுக்கா நேத்துலேர்ந்து உக்காந்திருக்கீங்க? ஒரு யோசனைதானே வேணும். நகருங்க." சாய்க்கச் சொன்னார், சாய்த்தார்கள். திருப்பச் சொன்னார், திருப்பினார்கள். முதலாளியே கோட்டைக் கழற்றிச் சோபாவில் போட வந்து, சோபா இல்லாததால் கழட்டியார் மனைவி கையில் கொடுத்துவிட்டு, ஒரு முனையைப் பிடித்தார். பெரிய மனுஷர்கள் இரண்டு பேர் வேர்க்க விறுவிறுக்க ஒரு பொம்மையோடு மல்லுக்கட்டுவதை ஜன்னல் வழியாகத் தெரு முழுக்கப் பார்த்தது. இருபது நிமிஷம் போயிற்று. கட்டை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று தேதி முன்பக்கம் போய், ரோட்டுப் பக்கச் சுவருக்கும் கட்டின் மூக்குக்கும் நடுவில் நின்று, "தள்ளுங்க, தள்ளுங்க" என்றார். தள்ளினார்கள். ஒரு சக்கரம் மடங்கிக்கொண்டது. கட்டு அசையவில்லை. தேதியும் அசைய முடியவில்லை. வயிற்றுக்கு முன்னால் கட்டு, முதுகுக்குப் பின்னால் சுவர்.

மனைவி கட்டின் மேலாகக் கையை நீட்டி அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, மூச்சு வாங்க, "சனியன், இந்தச் சுவர் மட்டும் இல்லன்னா நேரா ரோட்டுக்குப் போயிருக்கும்" என்றார்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை நிறுத்திவிட்டுக் கழட்டியாரைத் திரும்பிப் பார்த்தார். கழட்டியார் பட்டியலில் பதினேழாவது குறிப்பு இருந்த பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். டம்ளர் வட்டத்தோடு அப்படியே இருந்தது.

மனைவிதான் பேசினாள். "சார், நீங்க இப்போ நிக்கிறீங்களே, இப்படித்தான் ஏழு வருஷம் முன்னாடி என் தம்பி நின்னான். இதே மாதிரி முன்னாடி இரும்பு, பின்னாடி சுவர். இது பிளைவுட்டு, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." தம்பி பக்கம் திரும்பினாள். "கையை வெளிய எடுடா."

அவன் பைக்குள்ளிருந்து தயங்கித் தயங்கி எடுத்தான்.

தேதியின் கை அதுவரை கட்டின் விளிம்பில்தான் இருந்தது. மச்சினனின் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். மெதுவாக அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஷட்டர் வெச்சா பேருக்கு நடுவுல வருமே" என்று முதலாளி யோசித்தார்.

"ஷட்டர் மேலயே எழுதிக்கலாம் சார்" என்றார் தேதி, சந்துக்குள்ளிருந்தே. "மொதல்ல என்னை வெளிய எடுங்க."

மச்சினன் கிரைண்டரைக் கொண்டுவந்து கட்டை நடுவில் அறுத்தான். எட்டு நிமிஷத்தில் தேதி வெளியே வந்தார். மூன்று நாள் உழைத்துச் செய்த சாமான் இரண்டாகக் கிடந்ததைப் பார்க்கக் கழட்டியாருக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் முதலாளி போகும்போது, "மீதி அறுபத்திரண்டையும் ஒரு வாரத்துக்குள்ள ரெண்டு பேரும் உக்காந்து படிச்சு முடிங்க" என்று சொன்னதைக் கேட்டதும் அந்த வருத்தமும் போயிற்று. திறப்பு விழா பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. பலகையில் அந்த எண்ணைத் தேதி தன் கையாலேயே மாற்றி எழுதினார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கழட்டியார் மேஜைக்கு வந்து, "அந்த வால்வு விஷயம் சொன்னீங்களே, முழங்கை" என்று ஆரம்பித்தார்.

தெருவில் மட்டும் அது ஓயவில்லை. கழட்டியார் புதுக் கட்டில் வாங்கியபோது எதிர்வீட்டுத் தையல்காரர் டேப்போடு வந்து வாசலை அளந்து, அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கழட்டியார் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது?

ஆலை ஓட ஆரம்பித்துப் பதினோரு மாதம் கழித்து முதல் தடவையாகக் கூலரைத் திறக்கிற நாள் வந்தது. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினார்கள். கம்பெனி பேரில் இரண்டு எழுத்து சுருண்டு மேலே போயிற்று. கட்டு நேராக வெளியே வந்து வெயிலில் நின்றது.

வீட்டில் மனைவிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பழைய ஆலையில் இது மூன்று நாள் வேலை. மூன்று நாளும் அவள் போனை விட்டு நகர மாட்டாள். ஷட்டர் இருக்கிறது, இடம் இருக்கிறது, எல்லாம் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா? கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பதினொன்றரைக்குப் போன் அடித்தது. திரையில் தம்பி பேர். ஈரக் கையோடு எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, வேலை முடிஞ்சுருச்சு. கழுவிக் கட்டை உள்ளயும் தள்ளியாச்சு. மாமாவும் நானும் சாப்பிட வரோம்."

அவள் அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, பேச மாட்டேங்குற?"

"ஒண்ணுமில்லடா. போனை எந்தக் கையில பிடிச்சிருக்க?"

"வலது கையில. ஏன்?"

"இன்னொரு கையில?"

"டீ டம்ளர். எதுக்கு கேக்குற?"

"சும்மாதான்" என்றாள். அவள் அழுவது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். "சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.